இலாபமும் ஒப்புரவும்: சிப்பிகாட் தரும் பாடம்

வள்ளுவர் பெருமான் திருக்குறளில் 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்தே 'ஈகை' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். இரண்டும் ஒன்றே எனின் இரு தலைப்புகள் வேண்டியதில்லை. வறியவன் ஒருவனைக் கண்டு மனமிரங்கிக் கொடுப்பது ஈகை. ஊரோடு கூடி வாழ்கின்றவன், அவ்வூருக்குத் தான் செய்யவேண்டுவது இன்னதென உணர்ந்து செய்வது ஒப்புரவு. ஊர் நடுவே நீர் நிறைந்து நிற்கும் குளத்தையும், கனி தரும் மரத்தையும் ஒப்புரவுக்கு உவமையாகச் சொன்னார் அவர். அக்குளத்தில் நீர் மொள்ளுகிறவர் யாரும் அதனை யாசகமாகக் கருதுவதில்லை.

இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால், இக்காலத்தில் 'பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு' என்று வழங்கப்பெறும் கொள்கையின் உட்பொருள் எளிதில் விளங்கும். ஒரு கம்பெனி ஓர் ஊரில் தொழில் தொடங்கி, அவ்வூரின் நிலத்தையும் நீரையும் உழைப்பையும் கொண்டு இலாபம் ஈட்டுகிறது. அந்த ஊருக்கு அது திருப்பித் தரவேண்டுவது யாது? தருவது ஈகையா, ஒப்புரவா? வளர்ந்துவரும் நாடுகளின் பொருளாதார முன்னேற்றத்தில் இக்கேள்வி நாளுக்கு நாள் முக்கியத்துவம் பெற்று வருகிறது. ஏட்டளவில் ஆராய்வதைக் காட்டிலும் ஓர் ஊரை முன்னிறுத்திப் பார்ப்பது நன்று. நாம் எடுத்துக்கொள்ளும் ஊர், வங்கக் கடலுக்கு அப்பால் அந்தமானில் உள்ள சிப்பிகாட்.

தெற்கு அந்தமான் தீவில், தலைநகரிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் சிப்பிகாட் அமைந்திருக்கிறது. போர்ட் பிளேயர் என்று நெடுங்காலம் வழங்கிய அத்தலைநகருக்கு, 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் புதுப்பெயர் சூட்டப்பெற்றது. சிப்பிகாட் என்னும் பெயர் தமிழ்ச் செவிக்குச் 'சிப்பித்துறை' என்றே ஒலிக்கும். நமக்கு அது அந்நிய மண்ணும் அன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழ்வோர் 3,80,581 பேர். அவர்களுள் நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். கூலி வேலைக்குச் சென்றவர்களும், வாணிகத்துக்குச் சென்றவர்களும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பெற்றவர்களும் அவர்களுள் உண்டு.

சிப்பிகாட்டில் ஏறத்தாழ 80 ஏக்கர் பரப்புள்ள அரசாங்க வேளாண்மைப் பண்ணை ஒன்று உண்டு. கிராம்பு, சாதிக்காய், இலவங்கப்பட்டை, மிளகு முதலிய நறுமணப் பயிர்களும் தென்னையும் அங்கே வளர்க்கப்படுகின்றன. பசிபிக் பெருங்கடல் தீவுகளிலிருந்து கொணர்ந்த தென்னை வகைகளைப் பேணிக் காக்கும் தோட்டமும் சிப்பிகாட்டில் அமைந்தது. மேட்டு நிலத்தில் மரப்பயிர், தாழ்நிலத்தில் நெல் என்பது இத்தீவுகளின் குடியானவர் கண்ட வழக்கம்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. தமிழ்நாட்டின் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கடல் ஊருக்குள் புகுந்து உயிர்களையும் உடைமைகளையும் வாரிச் சென்றது. பின்னர்த் தன் எல்லைக்குத் திரும்பியது. தெற்கு அந்தமானில் நிகழ்ந்தது வேறு. அங்கே நிலநடுக்கத்தால் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. அலை திரும்பிற்று, நிலம் பழைய மட்டத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே சிப்பிகாட்டின் தாழ்ந்த வயல்களிற் புகுந்த உப்புநீர் அங்கேயே தங்கிற்று. நெல் விளைந்த இடம் சதுப்பு நிலமாயிற்று. இன்று நீர்ப்பறவைகளைக் காண விரும்புவோர் அவ்விடத்தை நாடிச் செல்கிறார்கள். பறவைகள் வந்தது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் வரப்புகள் நீருக்கடியில் மறைந்த குடியானவருக்கு அக்காட்சி வேறு நினைவுகளைத் தருவதில் வியப்பில்லை.

1978-இல் தோன்றிய மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள், இவ்வாறு பாழ்பட்ட நிலங்களை மூவகையாகப் பிரித்தனர். அலை வந்த நாளில் மட்டும் உப்புநீர் ஏறி இறங்கிய நிலம் முதல் வகை. நாள்தோறும் ஓதத்தின்போது நீர் ஏறி, வற்றத்தின்போது இறங்கும் நிலம் இரண்டாம் வகை. நீர் நிலையாகத் தங்கிவிட்ட நிலம் மூன்றாம் வகை. முதல் வகைக்கு இயற்கையே மருந்தாயிற்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மழை உப்பைக் கழுவிச் சென்றது. இரண்டாம் வகைக்குக் கரையும் மதகும் வேண்டும். உப்பைத் தாங்கும் நெல் வித்தும் வேண்டும். மண்ணை வெட்டி உயர்த்தி அகன்ற மேட்டுப்பாத்தியில் காய்கறியும், இடையே அமையும் ஆழ்ந்த வாய்க்காலில் நெல்லும் மீனும் வளர்க்கும் முறையையும் அவ்வறிஞர்கள் கண்டார்கள். மூன்றாம் வகையில் நெல்லை மறந்து, உவர்நீர் மீன் வளர்ப்பை நாடவேண்டியதாயிற்று.

இந்த மூவகைப் பாகுபாட்டை விரித்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. அழிந்த வீட்டைக் கட்டித் தருவதும், உடுக்க ஆடை தருவதும் ஓராண்டில் முடியும் காரியங்கள். ஆழிப்பேரலைக்குப் பின் தீவுகளில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையான வீடுகள் கட்டப்பெற்றன. ஆனால் இழந்த பிழைப்பை மீட்பது அத்தகைய காரியமன்று. கரைக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு வேண்டும். நெல் பயிரிட்டவர் மீன் வளர்ப்பைப் புதிதாகக் கற்றல் வேண்டும். விளைந்ததை விற்க அங்காடி வேண்டும். சென்னைக்கும் இத்தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்க் கடல் கிடக்கிறது. கப்பற்கூலி சேர்ந்தால் விளைபொருளின் அடக்கவிலை என்னாகும் என்பதை நாம் கணக்கிட்டுக் கொள்ளலாம். இத்தகைய நீண்ட பணிக்கு அரசாங்கத்தின் பணம் ஒருபுறமிருக்க, நாட்டின் பெருங் கம்பெனிகள் செய்யக்கூடியது யாது?

நம் நாட்டில் இதற்குச் சட்டம் உண்டு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், ஆண்டு விற்றுவரவு 1,000 கோடி ரூபாய், நிகர இலாபம் 5 கோடி ரூபாய் என்னும் மூன்றனுள் யாதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடல் வேண்டும். கல்வி, நல்வாழ்வு, வறுமை ஒழிப்பு, சுற்றுச்சூழல், நாட்டுப்புற முன்னேற்றம் முதலியவை அதற்குரிய துறைகளாக அட்டவணையில் வகுக்கப்பெற்றுள்ளன. தன் ஊழியருக்கு மட்டும் பயன்படும் செலவையும், அரசியற் கட்சிகளுக்குத் தரும் நன்கொடையையும் இக்கணக்கிற் சேர்த்தல் கூடாது. 2021-22 ஆம் நிதியாண்டில் மட்டும் இவ்வகையில் நாடெங்கும் 26,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகை செலவாயிற்று. இது சிறு தொகையன்று.

ஆயினும் தொகை பெரிதாயிருத்தல் ஒன்று. அது சேரவேண்டிய இடத்தைச் சேர்தல் மற்றொன்று. கம்பெனி தான் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று அதே சட்டப்பிரிவு கூறுகிறது. நியாயமான விதிதான், ஆலையின் புகையைச் சுவாசிக்கும் ஊருக்கு ஆலையின் உதவி முதலிற் கிடைக்கவேண்டுமன்றோ? ஆனால் இவ்விதியால் விளையும் பயனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொழில் பெருகிய மாநிலத்தில் உதவியும் பெருகும். தொழில் இல்லாத இடத்தில் உதவியும் இராது. மிகுதியான தொகையைப் பெறும் மாநிலம் மகாராஷ்டிரம். பெருந்தொழிலே இல்லாத தீவில் ஒரு சிப்பிகாட்டுக்கு எந்தக் கம்பெனி அண்டைவீடு? குளத்தை அடுத்த வயலுக்கே பாய்ச்சல் என்றால், கடைமடை என்றும் காய்ந்தே கிடக்கும். தஞ்சைத் தரணியை அறிந்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை.

இத்தீவுகளில் கம்பெனிகளே இருந்ததில்லை என்று கருதுதலும் தவறு. 1883-இல் ஆங்கிலேயர் சாத்தம் தீவில் மர அறுவை ஆலையை அமைத்த காலந்தொட்டு அந்தமான் காட்டு மரங்கள் கப்பலேறின. பின்னர் ஒட்டுப்பலகை ஆலைகளும் தீக்குச்சி ஆலையும் வந்தன. சென்னைத் திருவொற்றியூருக்கு அருகே 'விம்கோ நகர்' என்ற பெயரை நாம் அறிவோம். அப்பெயருக்குக் காரணமான தீப்பெட்டிக் கம்பெனிக்கு அந்தமானிலும் ஆலை இருந்தது. பல குடும்பங்கள் இவ்வாலைகளால் பிழைத்தன என்பது உண்மை. காடு குறைந்ததும் உண்மையே. 2002-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பழங்குடியினர் காடுகளில் மரம் வெட்டுவதையும், தீவுகளுக்கு வெளியே மரம் ஏற்றுமதி செய்வதையும் தடுத்துக் கட்டளையிட்டது. மரத் தொழிலின் காலம் அத்துடன் முடிந்தது எனலாம். 1977-இல் அரசாங்கமே நிறுவிய வன, தோட்ட வளர்ச்சிக் கழகமும் நட்டத்தில் வீழ்ந்தது. அதனை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை 2017-இல் இசைவளித்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? ஒரு தொழில் எவ்வாறு நடக்கிறது என்பதே அதன் முதற் சமூகப் பொறுப்பு. காடு அழிந்தபின் பள்ளிக்கூடத்துக்கு மேசை நாற்காலி வாங்கித் தருவதால் காடு மீளாது. 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் வங்காள தேசத்தின் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து விழுந்தது. அதிலிருந்த ஆடைத் தொழிற்கூடங்களில் உழைத்த ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் தைத்த ஆடைகள் மேல்நாட்டுப் பெயர்பெற்ற கம்பெனிகளின் முத்திரையோடு விற்பனையாயின. அறக்கொடையால் ஈடு செய்யத்தக்கதா அவ்விழப்பு? நற்கூலி, பாதுகாப்பான பணியிடம், கெடாத நீர், நேர்மையான வரி ஆகியவை அடித்தளம். நூற்றுக்கு இரண்டு என்பது அதன்மேல் எழுப்பும் கட்டடமேயன்றி, அடித்தளத்துக்கு மாற்றாகாது.

அடித்தளத்தை முதலில் இட்டவர்களும் நம் நாட்டில் உண்டு. தமிழ்மக்கள் பலர் சென்று உழைத்த ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில், டாட்டா கம்பெனியார் 1912-ஆம் ஆண்டிலேயே எட்டு மணி நேர வேலையை ஏற்படுத்தினர். 1915-இல் இலவச மருத்துவ வசதி, 1920-இல் சேமநல நிதி என ஒவ்வொன்றாக வந்தன. இந்தியத் தொழிலாளர் அனைவருக்கும் இத்தகைய உரிமைகள் சட்டமாவதற்கு முன்னர் வந்தவை இவை. ஆயினும் அங்கும் 1920-இலும் 1928-இலும் பெரும் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. முதலாளியின் நல்லெண்ணமும் தொழிலாளரின் ஒற்றுமையும் இரு கரங்கள் போன்றவை. ஒரு கையால் ஓசை எழுவதில்லை. செல்வர் தம் செல்வத்துக்குத் தர்மகர்த்தாக்களாக இருக்கவேண்டும் என்ற காந்தியடிகளின் கொள்கையும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தர்மகர்த்தா கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, தொழில் இல்லாத கடைமடைக்கு நீர் பாய வழி யாது? அதற்கும் அந்தமானிலேயே ஒரு சான்று இருக்கிறது. சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பெற்ற ஒளியிழைக் கம்பிவடம் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் திறக்கப்பெற்றது. தலைநகரோடு கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் முதலிய வேறு தீவுகளையும் அது இணைக்கிறது. அதற்கு ஆன செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். இப்பணம் எங்கிருந்து வந்தது? தொலைத்தொடர்புக் கம்பெனிகள் தம் வருவாயில் நூற்றுக்கு ஐந்து வீதம் செலுத்திய பொதுச் சேவை நிதியிலிருந்து வந்தது. தீவுகளில் வாடிக்கையாளர் மிகச் சிலர். இலாபம் ஒன்றையே கருதும் கம்பெனி எதுவும் அத்துணைப் பணத்தைக் கடலில் இட்டிராது. நகரங்களில் ஈட்டிய வருவாயின் ஒரு பகுதி பொது நிதியிற் சேர்ந்ததால் தீவுக்குக் கம்பிவடம் வந்தது.

வெளிநாடுகளிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழும் மொரீஷியஸ் தீவு 2009-இல் கம்பெனிகள் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டுமென்று விதித்தது. பின்னர் அத்தொகையின் பெரும்பகுதி தேசிய நிறுவனம் ஒன்றன் வழியே செலவாகுமாறு மாற்றியமைத்தது. இந்தோனேசியா 2007-இல் இயற்றிய சட்டம், இயற்கை வளங்களைக் கொண்டு தொழில் புரியும் கம்பெனிகளுக்கு இப்பொறுப்பைக் கட்டாயமாக்கியது.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உண்டு. 'கம்பெனி வரி செலுத்துகிறது. ஊழியருக்கு ஊதியம் தருகிறது. சாலை போடுவதும் பள்ளி நடத்துவதும் அரசாங்கத்தின் கடமை. அரசாங்கம் செய்யவேண்டுவதைக் கம்பெனியின் தலையிற் சுமத்துவது முறையா?' என்று அவர்கள் கேட்கிறார்கள். இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கத்தை மக்கள் கேள்வி கேட்கலாம். கம்பெனியின் நன்கொடைக் குழுவை ஊரார் கேள்வி கேட்க இயலுமா? கேட்க இயலாத கொடை நாளடைவில் தயவாக மாறிவிடும். ஆகவே சமூகப் பொறுப்பு அரசாங்கத்தின் இடத்தைப் பிடிக்கலாகாது என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அரசாங்கம் துணியத் தயங்கும் புது முயற்சிகளுக்கு முதல் வித்தாகவும், கம்பெனியாரிடம் உள்ள தொழிலறிவை ஊருக்குக் கொண்டு செல்லும் பாலமாகவும் அது அமையக்கூடும்.

சிப்பிகாட் போன்ற ஊருக்கு அத்தகைய உதவி எவ்வாறு அமையவேண்டும் என்பதை மூன்று கேள்விகளால் அறியலாம்.

ஊரார் கேட்டதா, கம்பெனி நினைத்ததா என்பது முதற் கேள்வி. வயலில் உப்புநீர் நிற்கும் குடியானவனுக்கு மதகும் மீன்குஞ்சும் தேவைப்படும்போது, நிழற்படம் எடுக்க வசதியான வேறொன்றைக் கொடுத்துச் செல்வதில் பயனில்லை.

எத்துணைக் காலம் நிலைக்கும் என்பது இரண்டாம் கேள்வி. இப்போதைய விதிகளின்படி ஒரு தொடர்பணிக்கு, தொடங்கிய ஆண்டை நீக்கி, மூன்று ஆண்டுகளே எல்லை. சாதிக்காய் மரம் காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். நெட்டைத் தென்னைக்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம் வேண்டும். மூன்றாண்டில் கைவிடப்பட்ட கன்று மரமாவது அரிது. ஆதலின் தொடக்கத்திலேயே, கம்பெனி விலகியபின் அப்பணியை ஏற்று நடத்தக்கூடிய கூட்டுறவுச் சங்கத்தையோ மகளிர் குழுவையோ ஊராட்சியையோ உருவாக்குதல் வேண்டும்.

வாணிகத்தோடு இணைந்ததா என்பது மூன்றாம் கேள்வி. கிராம்பையும் மிளகையும் பயிரிடக் கற்பித்துவிட்டு, அவற்றை வாங்க ஆளில்லை என்றால் கற்பித்ததே துன்பமாகும். நறுமணப் பொருள் வாணிகத்தில் ஈடுபட்ட ஒரு கம்பெனி, இலவசமாக ஒன்றும் தராமல், ஆண்டுதோறும் நியாய விலைக்கு வாங்கிக்கொள்வதாக உறுதி கூறினாலே அது நன்கொடையினும் மேலான ஒப்புரவாகும்.

அன்பர்களே, மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மிற் பலர் இத்தகைய கம்பெனிகளில் எழுத்தராகவும், பொறியாளராகவும், கணக்கராகவும், தொழிலாளராகவும் பணியாற்றுகிறோம். சிலர் பங்குகளும் வைத்திருக்கிறோம். சமூகப் பணிக்கு எவ்வளவு செலவிட்டது, எங்கே செலவிட்டது என்பதைக் கம்பெனி தன் ஆண்டறிக்கையில் வெளியிடவேண்டும் என்பது சட்டம். அப்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவர் எத்தனை பேர்? சென்ற மண்ணின் உழைப்பிலும் உணவிலும் பங்கு கொண்டவர்கள் நாம். அம்மண்ணுக்குரிய ஒப்புரவில் நமக்கும் பங்குண்டு. பணம் கொடுக்க இயலாதவரும் கேள்வி கேட்க இயலும். 'எந்த ஊருக்குச் சென்றது? இப்போதும் நடக்கிறதா?' என்னும் இரு கேள்விகளைத் தொழிற்சங்கக் கூட்டத்திலோ பங்குதாரர் கூட்டத்திலோ எழுப்புவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை.

சிப்பிகாட்டில் தாழ்ந்த நிலத்தை உயர்த்த எந்தக் கம்பெனியாலும் இயலாது. ஆனால் அந்நிலத்தில் வாழ்வோர், மாறிவிட்ட மண்ணிலும் மாறிவிட்ட நீரிலும் தம் கையால் உழைத்துத் தலைநிமிர்ந்து வாழ வழி செய்ய இயலும். கரை காத்து நிற்பதற்கு ஆண்டுதோறும் ஒருவர் மண் அணைக்கவேண்டும். அந்தக் கடமையில் தமக்குரிய கூடை மண்ணை நாட்டின் தொழில் நிறுவனங்கள் தவறாமல் சுமக்குமாறு செய்வது, அவற்றில் உழைத்து வாழும் நம் போன்றோரின் கடமையுமாகும்.